இரத்தச் சர்க்கரையை வீட்டில் அளத்தல்: எப்போது, எப்படி, எதற்காக?

நீரிழிவு நோய் உள்ளவர்களில் பலர், மாத்திரை வாங்க மருத்துவமனைக்கு வரும் நாளில் மட்டுமே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்கின்றனர். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் சோற்றையும் இனிப்பையும் குறைத்துக்கொள்வோரும் உண்டு. அன்று கிடைக்கும் எண் நன்றாக இருந்தால் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் மாதத்தின் மற்ற நாட்களில் உடலுக்குள் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியாது. உங்கள் மருத்துவருக்கும் தெரியாது. அந்த ஓர் எண்ணை வைத்தே மருந்தின் அளவு முடிவு செய்யப்பட்டால், அது உங்களுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ அமைந்துவிடலாம்.

வீட்டில் சர்க்கரையை அளக்கும் பழக்கம் இந்தக் குறையைப் போக்கும். ஆயினும் அளப்பது மட்டும் போதாது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். கிடைத்த எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும்போது ஏன் அளக்க வேண்டும்?

இரத்தச் சர்க்கரை 250 இருந்தாலும் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. நீண்ட நாட்கள் உயர்ந்த சர்க்கரைக்குப் பழகிவிட்ட ஒருவருக்கு, அது 120 என்ற நல்ல அளவுக்கு இறங்கும்போதுகூடப் படபடப்பும் சோர்வும் தோன்றலாம். எனவே உடலின் உணர்வை மட்டும் நம்பி, சர்க்கரை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று முடிவு செய்ய இயலாது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்புகள், இதயம் ஆகியவற்றுக்கு ஏற்படும் பாதிப்பும் தொடக்கத்தில் வலியின்றியே வளர்கிறது.

மூன்று வகை அளவுகள்

நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ளது என்பதே இரத்தச் சர்க்கரை அளவு. இக்கட்டுரையில் சதவீதம் என்று குறிப்பிடப்படாத சர்க்கரை எண்கள் அனைத்தும் இந்த அளவிலேயே தரப்பட்டுள்ளன.

* வெறும் வயிற்றுச் சர்க்கரை: இரவு உணவுக்குப் பின் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல் காலையில் பார்ப்பது. நீரிழிவு நோய் உள்ள பெரும்பாலோருக்கு 80 முதல் 130 வரை இருப்பது நல்லது.
* உணவுக்குப் பிந்தைய சர்க்கரை: சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. இது 180க்குள் இருக்க வேண்டும்.
* எச்பிஏ1சி: கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் ஆய்வகப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குள். 7 சதவீதம் என்பது ஏறக்குறைய 154 என்ற சராசரிச் சர்க்கரைக்குச் சமம். இரத்தசோகை இருந்தால் இந்த எண் மாறிக் காட்டக்கூடும் என்பதால், அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இந்த இலக்குகள் எல்லாருக்கும் ஒன்றல்ல. முதியவர்களுக்கும், இதய நோய் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கும் மருத்துவர் சற்றுத் தளர்வான இலக்கை வைப்பார். கருவுற்ற பெண்களுக்கு இலக்கு இன்னும் இறுக்கமானது: வெறும் வயிற்றில் 95க்குள், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குள். உங்களுக்குரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

யார், எத்தனை முறை அளக்க வேண்டும்?

* முதல் வகை நீரிழிவு உள்ளவர்களும், நாளொன்றுக்குப் பல முறை இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும்: ஒவ்வொரு முக்கிய உணவுக்கு முன்பும், படுக்கைக்குப் போகுமுன்பும்.
* இரவில் ஒருமுறை மட்டும் நீண்டநேர இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள்: நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில்.
* மாத்திரை மட்டும் உட்கொள்பவர்கள்: நாள்தோறும் அளக்கத் தேவையில்லை. மருந்து மாற்றப்பட்ட போதும், உடல்நலம் குன்றிய போதும், வாழ்க்கைமுறை மாறிய போதும் கூடுதலாக அளக்க வேண்டும்.
* இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழச் செய்யக்கூடிய மாத்திரை எடுத்துக்கொண்டு வாகனம் ஓட்டுபவர்கள்: ஓட்டத் தொடங்குமுன் ஒருமுறை.

ஸ்ட்ரிப் எனப்படும் பரிசோதனைப் பட்டைகளுக்கு ஆகும் செலவு பல குடும்பங்களுக்குச் சுமை. மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் மாதத்தில் ஒரு வாரத்தைத் தேர்ந்துகொண்டு, திங்களன்று காலை உணவுக்கு முன்னும் பின்னும், வியாழனன்று மதிய உணவுக்கு முன்னும் பின்னும், ஞாயிறன்று இரவு உணவுக்கு முன்னும் பின்னும் அளக்கலாம். ஆறு பட்டைகளில் மூன்று வேளை உணவின் விளைவும் தெரிந்துவிடும். நாள்தோறும் காலையில் மட்டும் முப்பது முறை அளப்பதைவிட இது அதிகம் சொல்லும்.

சரியாக அளக்கும் முறை

1. கைகளைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். பழம் நறுக்கிய கையில் ஒட்டியிருக்கும் சிறிதளவு சர்க்கரையே எண்ணைப் பெரிதாக உயர்த்திக் காட்டிவிடும். ஈரம் இருந்தால் எண் குறைத்துக் காட்டலாம்.
2. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.
3. இரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிய வேண்டாம். கையைச் சற்று நேரம் தொங்கவிட்டால் துளி எளிதாக வரும்.
4. பட்டைகளை அவற்றின் குப்பியிலேயே இறுக மூடி வையுங்கள். வெயில் படும் இடம், அடுப்பங்கரை, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைத் தவிருங்கள். காலாவதி நாளைப் பாருங்கள்.
5. ஒருவர் பயன்படுத்திய ஊசியை, அவர் குடும்பத்தினரே ஆனாலும், மற்றவர் பயன்படுத்தக் கூடாது. கல்லீரல் அழற்சி போன்ற தொற்றுகள் இரத்தத்தின் வழியே பரவும். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான நெகிழிப் புட்டியில் போட்டு மூடி, அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் ஒப்படையுங்கள்.

ஆய்வகத்தில் ஓர் எண்ணும் வீட்டில் வேறோர் எண்ணும் வந்தால் கருவி பழுது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். தரமான குளுக்கோமீட்டரிலும் 15 சதவீதம் வரை வேறுபாடு ஏற்கத்தக்கதே. எனவே நேற்று 160, இன்று 172 என்றால் சர்க்கரை கூடிவிட்டதாகப் பொருளில்லை. ஓரிரு எண்களை விட்டுவிட்டு, பல நாட்களின் போக்கைப் பாருங்கள்.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

ஒரே உணவுக்கு முன்னும் பின்னும் அளப்பதே மிகுந்த பயன் தரும். எடுத்துக்காட்டாக, நான்கு இட்லி சாப்பிடுமுன் 124 இருந்து, இரண்டு மணி நேரம் கழித்து 232 ஆனது என்று கொள்வோம். உணவுக்கு முந்தைய அளவு நன்றாகவே இருந்தது. உயர்வு அந்த உணவால் வந்தது. அடுத்த முறை இரண்டு இட்லி, காய்கறி நிறைந்த சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றி, சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு அளந்து பாருங்கள். எந்த மாற்றம் உங்கள் உடலுக்குப் பயன் தருகிறது என்பதை உங்கள் கருவியே காட்டும். கேழ்வரகோ கோதுமையோ அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறாது என்ற எண்ணமும் இவ்வாறு அளந்து பார்த்தால் மாறிவிடும்.

காலை அளவு மட்டும் தொடர்ந்து உயர்ந்திருந்தால் காரணம் பல இருக்கலாம். இரவு உணவு தாமதமாகியிருக்கலாம். மருந்து விடியும் வரை போதாமல் இருக்கலாம். விடியற்காலையில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை உயர்த்தியிருக்கலாம். படுக்கைக்குப் போகுமுன்பும், அதிகாலை மூன்று மணிக்கும், எழுந்தவுடனும் ஓரிரு நாட்கள் அளந்து எழுதினால், மருத்துவர் காரணத்தைக் கண்டறிய முடியும். நீங்களாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

70க்குக் கீழே இறங்கினால்: உடனே செயல்படுங்கள்

உயர்ந்த சர்க்கரை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தீங்கு செய்கிறது. தாழ்ந்த சர்க்கரையோ சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இது நேர வாய்ப்பு அதிகம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, காரணமற்ற கோபம் ஆகியவை அறிகுறிகள்.

* உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூள் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் வேலை செய்யாது. குளுக்கோஸ் தூளே வேண்டும்.
* சாக்லேட், பிஸ்கட் போன்றவை மெதுவாகவே சர்க்கரையை ஏற்றும். முதலுதவிக்கு அவற்றை நம்ப வேண்டாம்.
* பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். சரியானதும், அடுத்த உணவுக்கு நேரம் இருந்தால் சிற்றுணவு உண்ணுங்கள்.
* நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் சென்றுவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழையுங்கள்.
* கருவி கைவசம் இல்லாவிட்டாலும், அறிகுறி தெரிந்தால் முதலில் சர்க்கரை கொடுங்கள், பிறகு அளக்கலாம்.

மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, சரியான பிறகும் சில மணி நேரம் கழித்து மீண்டும் தாழக்கூடும். எனவே அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

காய்ச்சல், வாந்தி, விரத நாட்கள்

உடல்நலம் குன்றியிருக்கும்போது சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரை உயரலாம். இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, நீர் ஆகாரத்தை அடிக்கடி அருந்துங்கள். சர்க்கரை தொடர்ந்து 300க்கு மேல் இருந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கநிலை தெரிந்தாலோ காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விரதமோ நோன்போ இருக்க விரும்புவோர் பல நாட்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி, மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

எண் கூடியவுடன், "என்ன சாப்பிட்டீர்கள்? சொன்னால் கேட்பதே இல்லை" என்று கடிந்துகொள்வது பல வீடுகளில் வழக்கம். அதன் விளைவாகப் பெரியவர்கள் அளப்பதையே தவிர்க்கின்றனர். சிலர் எண்ணைக் குறைத்து எழுதுகின்றனர். அந்தக் குறிப்பை நம்பி மருத்துவர் எடுக்கும் முடிவு தவறாகிவிடும். உயர்ந்த எண் வந்த நாளில், மாத்திரை போட்டார்களா, உறக்கம் எப்படி இருந்தது, காலில் புண்ணோ உடலில் தொற்றோ உள்ளதா என்று பரிவோடு கேளுங்கள். பார்வை மங்கியவர்களுக்கு எண்ணைப் படித்து எழுதிக் கொடுங்கள். நாள்தோறும் பாதங்களைப் பார்த்து, வெடிப்போ கொப்புளமோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

மருத்துவமனைக்கு வரும் நாளில்

* குறிப்பேட்டில் தேதி, நேரம், உணவுக்கு முன்னா பின்னா, எண், அன்று நடந்த மாறுதல் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். உயர்ந்த எண்களை மறைக்க வேண்டாம். மருத்துவருக்கு மிகவும் உதவுபவை அவையே.
* வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தபின், வழக்கமான காலை உணவையும் மருத்துவர் சொன்ன மாத்திரை அல்லது இன்சுலினையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுங்கள். பரிசோதனை நாள் என்பதற்காக மருந்தை முழுவதும் விட்டுவிட்டால், அந்த மருந்து வேலை செய்கிறதா என்பதே தெரியாமல் போகும்.
* சர்க்கரை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீர்ப் புரதம், சிறுநீரகச் செயல்பாடு, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டர் இவற்றைக் காட்டாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் செயல்படும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்து, தேவையானோருக்கு மாத்திரைகளை வழங்குகின்றனர். அவர்கள் வரும்போது உங்கள் குறிப்பேட்டைக் காட்டுங்கள். வீட்டில் கருவி இல்லாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.