நாவுக்கும் ஒரு தாயகம் உண்டு

நீதித்தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் துயரமான நிகழ்வொன்றைக் காண்கிறோம். யோர்தான் ஆற்றுத் துறைகளில் கிலயாதியர் காவல் நின்று, கடக்க வருவோரை 'ஷிபோலத்' என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்ராயிமியரின் நாவுக்கு அந்த 'ஷ' வரவில்லை. 'ஸிபோலத்' என்கிறார்கள். அந்த ஓர் ஒலியால் உயிரை இழக்கிறார்கள்.

வேற்றுமொழியைத் திக்கித் திக்கிப் பேசுபவரைப் பார்த்து நாம் சிரிக்கும்போது, நாமும் அந்த ஆற்றங்கரையில்தான் நிற்கிறோம். சிரிப்புக்கு ஆளானவர் மறுபடி வாய் திறக்கத் தயங்குகிறார். உண்மையில் உச்சரிப்புப் பிழை பெரும்பாலும் கவனக்குறைவு அன்று. தாய்மொழி நாவுக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு அது.

போர்த்துக்கீசிய மொழி பேசும் பிரேசில் மக்கள் ஆங்கிலம் கற்பதை எடுத்துக்கொள்வோம். 'ஃபுட்பால்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் 'ஃபுச்சிபாவ்' ஆகிவிட்டது. ஏன்? அவர்கள் மொழியில் 'ட்' போன்ற வல்லொலியோடு அசை முடிவதில்லை. எனவே நா தானாக ஓர் 'இ' சேர்க்கிறது. அந்த 'இ' வந்ததும், அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் 'டி' என்பது 'ச்சி' ஆகிறது. இறுதி 'ல்' அங்கே 'வ்' போல ஒலிக்கிறது. இவ்வாறே 'ஹாட் டாக்' என்பது 'ஹாச்சி டாகி' ஆகிறது. 'ஸ்டாப்' என்பதற்கு முன்னும் பின்னும் 'இ' சேர்ந்து 'இஸ்டாப்பி' ஆகிறது. நம் ஊரில் பெரியவர்கள் 'இஸ்கூல்' என்று சொல்வதும் இதே வழியில்தான்!

சில வேளைகளில் பொருளே மாறிவிடும். அங்கே சொல்லின் முதலில் வரும் 'ர' பெரும்பாலும் 'ஹ' போல ஒலிக்கும். 'ரியோ' நகரை அவர்கள் 'ஹியோ' என்பார்கள். ஆகவே சிவப்பைக் குறிக்கும் 'ரெட்', தலையைக் குறிக்கும் 'ஹெட்' ஆகிவிடுகிறது. எழுத்தில் உள்ள 'ஹ'வோ அவர்கள் மொழியில் ஒலிப்பதே இல்லை. அதனால் பசியோடு இருப்பவர் 'ஹங்ரி' என்பதற்குப் பதிலாகக் கோபத்தைக் குறிக்கும் 'ஆங்ரி'க்கு நெருங்கிவிடுகிறார். உணவு கேட்டவரைச் சண்டைக்கு வந்தவராக நினைத்தால் என்ன ஆகும்?

அழுத்தமும் முக்கியம். 'ஹாஸ்பிட்டல்', 'அனிமல்' ஆகிய இரு சொற்களும் இரு மொழிகளிலும் ஒரே எழுத்துகளால் ஆனவை. ஆங்கிலத்தில் முதல் அசையிலும், போர்த்துக்கீசியத்தில் கடைசி அசையிலும் அழுத்தம் விழும். அழுத்தம் இடம் மாறினால், ஒலிகள் சரியாக இருந்தாலும் கேட்பவர் தடுமாறுவார்.

இதற்கு வழி உண்டு. முதலில் காது பழக வேண்டும். 'ரெட்–ஹெட்' போன்ற இணைச் சொற்களை மாறி மாறிக் கேட்டு வேறுபாட்டை உணர வேண்டும். காதுக்குப் பிடிபடாததை நா சொல்லாது. 'டி' வராதவர் தமக்கு எளிதாக வரும் 'டா', 'டோ' என்பவற்றைச் சொல்லி, நாவை அதே இடத்தில் வைத்து 'டி' சொல்லிப் பழகலாம். 'டாக்' என்று முடிக்கும்போது கடைசி ஒலியில் மூச்சை நிறுத்திக்கொண்டால், கூடுதல் 'இ' வராது. ஆங்கில 'ர'வுக்கு உதடுகளைச் சற்றுக் குவித்து, நா நுனி எங்கும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் சொந்த ஊரின் சாயலை முற்றிலும் துடைத்துவிட வேண்டியதில்லை. பொருள் விளங்கினால் போதும். 'ஜனெலா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லை நம் முன்னோர் 'ஜன்னல்' ஆக்கினார்கள். மேசையும் சாவியும் அலமாரியும் அங்கிருந்து வந்து, நம் நாவுக்கு ஏற்ப உருமாறியவையே. அவற்றை நாம் பிழை என்று சொல்வதில்லை. தமிழ் என்றே சொல்கிறோம்.

ஆகவே அடுத்த முறை ஒருவர் நம்மிடம் தட்டுத்தடுமாறிப் பேசும்போது, அவர் நாவைச் சோதிக்கப் போகிறோமா, அல்லது அவர் சொல்ல வந்ததைக் கேட்கப் போகிறோமா? சிந்திப்போம்.