படுக்கை விரிப்பும் சிகிச்சையின் ஓர் அங்கமே

நோய் தீர வேண்டி ஆஸ்பத்திரிக்குச் செல்லும் மனிதன், சென்ற இடத்திலேயே மற்றொரு நோயைப் பெற்றுத் திரும்புவானாயின், அதைவிடக் கொடுமை வேறொன்றில்லை. ஆயினும், மருந்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் ஆயிரம் விசாரிக்கின்ற நாம், இரவும் பகலும் சரீரத்தோடு ஒட்டிக் கிடக்கும் படுக்கை விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரிப்பதில்லை.

நோயாளியின் தோலிலிருந்தும் ரணத்திலிருந்தும் மலசலத்திலிருந்தும் வெளிப்படும் கிருமிகள் விரிப்பிலும் தலையணையிலும் தங்குகின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ், எண்டரோகாக்கஸ் முதலியவை உலர்ந்த துணியிலும் நாட்கணக்கில், சில வேளை அதற்கும் மேலாக, உயிரோடிருக்க வல்லவை. அவற்றுள் சில, ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் அடங்காதவை. அறுவைச் சிகிச்சை பெற்றவர், தீக்காயம் பட்டவர், பிரசவித்த தாய், பச்சிளங்குழந்தை, சர்க்கரை வியாதியால் புண் ஆறாதவர் ஆகியோருக்கே அபாயம் அதிகம். கிரிமியப் போரில் காயமுற்றோர் கிடந்த ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்கு 1854இல் சென்ற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், முதற்காரியங்களுள் ஒன்றாகச் சலவைக்கு ஏற்பாடு செய்ததன் நியாயம் இதுவே.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்து மக்களுக்கு ஆங்கில வைத்தியம் புதிதன்று. அருகிலுள்ள நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டார். இன்று குழித்துறை அரசு மருத்துவமனையும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், தனியார் மருத்துவமனைகள் பலவும் இம்மக்களுக்குப் பயன்படுகின்றன. ஆனால், ஆனி ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி கார்த்திகையில் மற்றொரு மழையும் பெறுகின்ற இம்மாவட்டத்தில், வெயிலை மட்டுமே நம்பித் துணி உலர்த்துவது எவ்விடத்திலும் ஆபத்தான காரியம். ஈரம் போகாமல் மடித்து அடுக்கிய விரிப்பில், சலவைக்குத் தப்பிய கிருமிகள் மீண்டும் பெருகும்.

வெண்மை வேறு, சுத்தம் வேறு. அழுக்குத் துணியை வார்டில் உதறாமல், தரையில் போடாமல், பையிலிட்டுக் கட்டிச் சலவைக்கு அனுப்புவதும், இரத்தமோ சீழோ பட்ட துணியைத் தனியே பிரிப்பதும், 71 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிஷம் துவைப்பதோ, அவ்வளவு வெப்பம் இயலாதபோது தக்க அளவில் குளோரின் மருந்து சேர்ப்பதோ, பின்னர் முற்றிலும் உலர்த்தித் தேய்த்து மூடிய அலமாரியில் வைப்பதும் முறையாகும். அழுக்கிருக்கையில் குளோரினின் சக்தி குன்றுமாதலால், முதலில் அழுக்கை நீக்குவது அவசியம். ஒரு நோயாளி போனதும் மெத்தை உறையையும் கட்டில் கம்பிகளையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ரெக்சின் கிழிந்த மெத்தையை எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஊறிய கிருமி போகாதாகையால், அதை மாற்றுவதொன்றே வழி. இரத்தம் தோய்ந்து உபயோகமற்றுப்போன விரிப்பையும் மெத்தையையும், 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, மஞ்சள் நிற வகையில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும்.

தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், பாதுகாப்பும் தரமும் உள்ள சிகிச்சையை உரிமையாகவே கூறுகிறது. ஆதலால் கட்டிலில் ஏறுமுன் புதிய விரிப்பைக் கேளுங்கள். நனைந்தாலோ கறைபட்டாலோ உடனே மாற்றும்படி செவிலியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். உடனிருப்பவர் நோயாளியின் கட்டிலில் அமர்வதையும், கறைபட்ட துணியை வார்டுக் குழாயில் அலசுவதையும் தவிர்க்கட்டும்.

கேட்டும் பயனில்லையெனில், தேதியும் வார்டும் கட்டில் எண்ணும் குறித்து, மருத்துவ அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் அளித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையாயின் மருத்துவ உதவி எண் 104 அல்லது முதல்வர் உதவி எண் 1100ஐ அழைக்கலாம். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்திற்கு உட்பட்டவையாதலால், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் முறையிடலாம். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதென்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருப்பதால், நஷ்டம் விளைந்தவர் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். எனினும் அங்கே சந்தேகம் மட்டும் செல்லாது, பரிசோதனை அறிக்கைகளும் டிஸ்சார்ஜ் சீட்டும் சாட்சியாக வேண்டும்.

சலவைத் தொழிலாளருக்குக் கையுறையும், ஆஸ்பத்திரிக்குப் போதிய விரிப்புகளும் வழங்குவது நிர்வாகத்தின் கடமை. கூச்சமின்றிச் சுத்தமான படுக்கையைக் கேட்பது நம் கடமை. கேட்பவர் பெருகினால்தான் கொடுப்பவரும் வழக்கமாகக் கொடுப்பர், ஆகவே, கேளுங்கள்.