கொழுக்கட்டை: கையால் பிடிப்பதா, அச்சில் போடுவதா?

அரசு ஏட்டில் குபேர் அங்காடி. புதுச்சேரிக்காரர்களுக்குப் பெரிய மார்க்கெட். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும் வாங்கப் போகிறவர்கள் பலருக்கும் ஒரு யோசனை: கொழுக்கட்டை அச்சு வாங்கலாமா, கையாலேயே சொப்பு பிடிக்கலாமா?

உண்மையில் விரிசலுக்குக் காரணம் கையோ அச்சோ அல்ல, மாவுதான். கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் அரிசியில் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிரும். கொதிநீர் ஊற்றிக் கிளறினால், சுமார் 70 டிகிரி செல்சியஸில் அரிசியின் ஸ்டார்ச் நீரை இழுத்துப் பசையாகும். அந்தப் பசைதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது.

மெக்சிகோவின் தமாலேயும் இதன் தூரத்துச் சொந்தம்தான். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்து, சோள மடலிலோ வாழை இலையிலோ மடித்து அவிப்பார்கள். மாவு ஒட்டிக்கொள்ள அங்கே சுண்ணாம்பு உதவுகிறது.

கையால் செய்தால் சொப்பு மெல்லிசா வரும், பூரணம் தாராளமா வைக்கலாம். ஆனா பழக்கம் வேணும். அச்சில் வேலை சீக்கிரம் முடியும், எல்லாம் ஒரே அளவு. எண்ணெய் தடவி, விளிம்பை அழுத்தி மூடணும்.

ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் அச்சே போதும். பூரணத்தை மட்டும் கெட்டியாகக் கிளறுங்கள். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.