பென் டிரைவே சாவியாகட்டும்!

நம் கணினி, நம் பொறுப்பு – 11

சென்ற வாரம் நல்ல பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தோம். அதைப் படித்துவிட்டு, ‘பாஸ்வேர்டு மாற்றியாச்சு, இனி லேப்டாப் தொலைந்தாலும் கவலையில்லை’ என்று யாரும் இருந்துவிட வேண்டாம். விண்டோஸ் திறக்கும்போது கேட்கிற பாஸ்வேர்டு திரைக்குத்தான் காவல். உள்ளே இருக்கிற ஃபைல்களை அது காப்பாற்றாது.

ஏன் என்று சொல்கிறேன். லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினால், பெரும்பாலான மாடல்களில் விரல் நீளத்துக்கு ஒரு எஸ்.எஸ்.டி. தெரியும். ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூதான் அதைப் பிடித்திருக்கும். அதை எடுத்து, கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் பொருத்தி வேறு கம்ப்யூட்டரில் செருகினால், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், குழந்தைகளின் படங்கள் என எல்லாமே வரிசையாகத் திறக்கும். உங்கள் பாஸ்வேர்டை எங்கும் கேட்காது. பழுதான லேப்டாப்பிலிருந்து சர்வீஸ் கடைக்காரர் ஃபைல்களை மீட்டுத் தருவதும் இதே வழியில்தான். என்கிரிப்ஷன் இல்லாமல் பாஸ்வேர்டு மட்டும் போடுவது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவதுதான்.

எனவே முதல் வேலை, டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்வது. விண்டோஸில் அதற்கு பிட்லாக்கர் இருக்கிறது. 2007-ல் விஸ்டாவோடு வந்தது. மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். பூட்டு தயார். இந்தப் பூட்டின் சாவி எங்கே இருக்க வேண்டும்?

வழக்கமாக பிட்லாக்கர் தன் சாவியை மதர்போர்டில் இருக்கும் டி.பி.எம். சிப்பின் பாதுகாப்பில் வைத்துக்கொள்கிறது. இதனால் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் லேப்டாப்பையே தூக்கிப் போகிறவர் கையில் சாவியும் சேர்ந்தே போகிறது. பவர் பட்டனை அழுத்தினால் டிஸ்க் தானாகத் திறந்து, லாகின் திரை வரை வந்து நிற்கும். பென் டிரைவ் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். சாவியில் ஒரு பகுதியை மெஷினுக்கு வெளியே, உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

யோசனை பழையது. விண்டோஸ் என்.டி. 4.0 காலத்திலேயே சிஸ்கீ என்று ஒரு வசதி இருந்தது. பாஸ்வேர்டு பட்டியலைப் பூட்டும் சாவியை ஃப்ளாப்பியில் வைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில், ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று போன் செய்யும் மோசடிக் கும்பல்கள் அதே சிஸ்கீயைக் கொண்டு மக்களின் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. 2017-ல் விண்டோஸ் 10-லிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது.

இன்றைய வழி இது. விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் பிட்லாக்கர் பகுதிக்குப் போய், ‘ரிக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்அப்’ என்பதை இயக்க வேண்டும். பிறகு பிட்லாக்கரை ஆன் செய்யும்போது ஸ்டார்ட்அப் கீயை பென் டிரைவில் சேமிக்கும் வாய்ப்பு வரும். சேமித்தபின் பென் டிரைவைத் திறந்தால் காலியாகத்தான் தெரியும். .பி.இ.கே. என்று முடியும் அந்தச் சின்ன ஃபைல் மறைந்திருக்கும். காலி என்று நினைத்து யாரும் ஃபார்மட் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி அந்த பென் டிரைவைச் செருகினால்தான் விண்டோஸ் தொடங்கும். தொடங்கியதும் உருவிவிடலாம்.

விண்டோஸ் ஹோமில் இந்த வசதி இல்லை. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் ஒரு பெட்டகம் உருவாக்கி, பென் டிரைவில் இருக்கும் ஏதாவது ஒரு ஃபைலை அதற்குச் சாவியாக வைக்கலாம். ஒரு புகைப்படம்கூடப் போதும். ஆனால் அந்தப் படத்தை எடிட் செய்தாலோ, வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதியைக் கொடுத்தாலோ பெட்டகம் திறக்காது.

இந்தச் சாவிக்கு ஒரு வரம்பு உண்டு. 2013 அக்டோபர் 1 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் க்ளென் பார்க் நூலகத்தில், சில்க் ரோடு என்ற கள்ளச் சந்தையை நடத்திய ராஸ் உல்ப்ரிக்ட் லேப்டாப்பைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அருகில் ஒரு ஆணும் பெண்ணும் சண்டை போட, அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணத்தில் லேப்டாப் புலனாய்வாளர்கள் கைக்குப் போனது. சண்டையே நாடகம். டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தது. மெஷின் திறந்திருந்ததால் எல்லாம் வெளியே வந்தது. குற்றவாளி பிடிபட்டது நல்லதே. அதே தந்திரம் திருடனுக்கும் தெரியும் என்பதுதான் நமக்கான பாடம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதும், ஸ்லீப்பில் இருக்கும்போதும் சாவி மெமரியில்தான் இருக்கிறது. ஆகவே வெளியே கிளம்பும் முன் ஷட்டவுன் செய்யுங்கள். பொது இடங்களில் வேலை செய்பவர்களுக்காக பஸ்கில் என்றொரு கேபிள் இருக்கிறது. ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை உங்கள் இடுப்பில். யாராவது பிடுங்கினால் நடுவிலுள்ள காந்த இணைப்பு விடுபட்டு, மெஷின் பூட்டிக்கொள்ளும். பென் டிரைவை உருவினால் திரையைப் பூட்டும் இலவச மென்பொருள்களும் உண்டு. என்கிரிப்ஷனோடு சேர்ந்தால்தான் அவற்றால் பயன்.

இன்னொரு குறை: பென் டிரைவில் இருக்கும் சாவி வெறும் ஃபைல். ஒரு நிமிடம் கையில் கிடைத்தால் போதும், நகல் எடுத்துவிடலாம். ஆடிட்டர்களும் டெண்டர் போடுபவர்களும் வைத்திருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பார்வைக்கு பென் டிரைவ் போலிருந்தாலும் வேறு வகை. அதன் ரகசியச் சாவி சிப்பை விட்டு வெளியே வராது. கையெழுத்து உள்ளேயே போடப்படும். பென் டிரைவுக்கு அந்தப் பலம் இல்லாததால், கூடவே ஒரு பின் நம்பரும் வைப்பது நல்லது. டி.பி.எம்., பின், பென் டிரைவ் மூன்றையும் சேர்த்துக் கேட்க பிட்லாக்கரில் வழி இருக்கிறது.

பென் டிரைவ் தொலைந்தால்? பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்றைத் தரும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால், ஓர் இலக்கம் தவறினாலும் கண்டுபிடித்துவிடும். அதுவும் இல்லையென்றால் உங்கள் ஃபைல்களை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்குங்கள். முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு என்கிரிப்ட் செய்யுங்கள். ரெக்கவரி கீயை பிரின்ட் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். சாவிக்கு இரண்டு பென் டிரைவ் வாங்குங்கள்: ஒன்று பீரோவில் இருக்கட்டும், மற்றொன்றை வீட்டுச் சாவிக்கொத்தில் மாட்டுங்கள். லேப்டாப் பையில் மட்டும் அதை ஒருபோதும் போடாதீர்கள்.

(தொடரும்)