கடைசிப் பந்தியின் கணக்கு



திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெறும் வேதபாராயணத்திற்கு முறைஜபம் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில், மார்த்தாண்டவர்மர் காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. மன்னராட்சி நாளில் அதற்கு வந்தோர்க்கெல்லாம் அரசின் செலவில் பெரும் ஊட்டு நடந்தது. அவ்வூட்டில் ஒருநாள் கறிக்குக் காய் போதாமற் போகவே, நறுக்கி எஞ்சிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தேங்காய் அரைத்துவிட்டுச் சமைத்தார்களாம். அதுவே அவியல் ஆயிற்றாம். இது வரலாறன்று, செவிவழிக் கதையே. ஆயினும் பெருவிருந்தின் நுட்பம் ஒன்று அதில் அடங்கியிருக்கிறது: காய் தீர்ந்தது, பந்தி நிற்கவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அரசர் ஊட்டன்று, நம் இல்லத் திருமணமே. இந்நகரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும், தில்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டு இங்கே மணம் நடத்த முனைவோரும் எதிர்கொள்ளும் கவலை ஒன்றே. செலவு எல்லை மீறலாகாது. உண்ண வந்தவர் முகம் வாடலாகாது. இவ்விரண்டையும் காக்க ஒரே வழி, விருந்தைக் கடைசிப் பந்தியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதாகும்.

முந்நூறு பேர் வருவர் எனக் கொள்வோம். உணவுக் கூடத்தில் நூறு பேர் அமரலாம். இலையிட்டு, பரிமாறி, உண்டபின் துப்புரவு செய்ய ஒரு பந்திக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முற்பகல் 11 மணிக்கு முதற்பந்தி தொடங்கினால் மூன்றாம் பந்தி பன்னிரண்டரைக்கு அமர்ந்து, ஒன்றேகால் மணிக்கு எழும். அப்பந்தியில் உண்போர் யாவர்? மணவீட்டார், முதியோரை முதலில் அமர்த்திவிட்டுக் காத்திருந்த உறவினர், பரிமாறிக் களைத்த இளைஞர். இவர்களுக்குப் பாயசம் இல்லையென்றால், பதினெட்டு வகைக் கறி செய்தும் விருந்து குறைபட்டதே.

ஆகவே பண்டங்களை இரு வகையாகப் பிரித்துக்கொள்க. சோறு, ரசம், அப்பளம் ஆகியவற்றை இடையில் பெருக்கிக்கொள்ளலாம். அவியல், எரிசேரி, பிரதமன் ஆகியவற்றை அவ்வாறு பெருக்க இயலாது. முன்னவற்றிற்குச் சரக்குக் கையிருப்புப் போதும். பின்னவற்றை முன்னரே பங்கிட்டு வைத்தல் வேண்டும். பிரதமன் ஆளொன்றுக்கு 100 மில்லி லிட்டர் எனில் 30 லிட்டர். பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 33 லிட்டர். இதனைப் பதினொரு லிட்டராக மூன்று பாத்திரங்களில் ஊற்றி மூடிவைத்துவிட்டால், முதற்பந்தியின் உற்சாகம் மூன்றாம் பந்தியின் பங்கைத் தொடாது.

அரிசி ஆளொன்றுக்கு 100 முதல் 125 கிராம் வரை வேண்டும். முந்நூறு பேருக்கு 30 முதல் 38 கிலோ. இதனை ஒரே உலையில் இடாமல், முதற்பந்தியில் இலைகளை எண்ணியபின் மூன்றாம் பந்தியின் அளவை முடிவு செய்க. குத்தரிசி வேக நெடுநேரம் பிடிக்குமாதலால் இம்முடிவைத் தள்ளிப்போடலாகாது. அவிழ்க்காத மூட்டையைக் கடைக்குத் திருப்பலாம். வடித்த சோற்றைத் திருப்ப இயலுமோ?

பரிமாறும் முறையிலும் கருத்து வேண்டும். திருவனந்தபுரத்துச் சத்தியையில் பருப்பும் நெய்யும், பின் சாம்பாரும் வந்தபிறகு பாயசம் வரும். பால்பாயசத்தோடு போளியும் உண்டு. அதன் பின்னரே மீண்டும் சோறிட்டுப் புளிசேரி, ரசம், மோர் என்று தொடர்வர். நம் பக்கத்து உறவினரோ சாம்பாருக்குப்பின் ரசத்தை எதிர்பார்ப்பர். இரு சாராரும் கலந்து அமரும் பந்தியில் எந்த முறை என்பதைத் தேகண்டக்காரரிடம், அதாவது விருந்துச் சமையற்காரரிடம், முதல்நாளே சொல்லிவிடுதல் நன்று.

இனிப் பணம். இலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசினால், குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைக் கேட்பார்கள். முந்நூறு என்று ஒப்புக்கொண்டு இருநூற்றைம்பது பேர் வந்தால், ஐம்பது இலைக்கு வீண்பணம். உறுதியானோரை மட்டும் எண்ணி 260 என்று எழுதி, அதற்குமேல் 320 வரை அதே விலையில் தரவேண்டும் என்று கேளுங்கள். நாதசுவரக்காரர், வண்டியோட்டிகள், படமெடுப்போர், சமையலாட்கள் ஆகியோரைப் பலர் மறந்துவிடுகின்றனர். இவர்களுக்கே இருபத்தைந்து இலை ஆகிவிடும். இலைகளை எண்ணுபவர் யார், எஞ்சிய உணவு யாருக்கு என்பனவும் எழுத்தில் இருக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்க.

சரக்கை நாமே வாங்குவதாயின், திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் அமைந்த சாலைக் கடைத்தெரு இருக்கிறது. அங்கு வரும் காய்கறியிலும் வாழையிலையிலும் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்தே வருகிறது. நம் ஆவணியும் மலையாளத்துச் சிங்ஙமும் ஏறக்குறைய ஒரே காலம். இரு நாட்டிலும் மணமாதம். ஓணமும் பெரும்பாலும் அப்போதே. எனவே இலைவிலை ஏறும். முன்கூட்டியே சொல்லி வைத்தல் சிக்கனம்.

இறுதியாக, எச்சில் இலையும் ஒரு செலவே. விளப்பில்சாலையில் இருந்த குப்பை பதனிடும் நிலையம் ஊரார் எதிர்ப்பினால் 2011-இல் மூடப்பட்டபின், இந்நகரத்தார் கழிவின் சுமையை நேரில் உணர்ந்தனர். ஞெகிழிக் குவளையை விலக்கி எவர்சில்வர் குவளையை வாடகைக்கு எடுப்பதும், கழிவை அகற்றுவோர்க்குரிய கூலியைத் திட்டத்திலேயே சேர்ப்பதும் கடமை. தேங்காய் சேர்ந்த கறிகள் விரைவிற் கெடும். எஞ்சியதைப் பிறர்க்களிக்க விரும்பினால் சூடு ஆறுமுன் அனுப்புக. மாலைவரை வைத்திருந்து கொடுப்பது கொடையாகாது.

கறிவகைகளில் இரண்டைக் குறைத்தால் எவரும் குறையாக எண்ணார். கடைசியாக அமர்ந்தவர்க்கும் முதலில் அமர்ந்தவர்க்கும் ஒரே இலை, ஒரே உணவு, ஒரே முகமலர்ச்சி கிடைக்குமாயின், அவ்விருந்து நிறைந்த விருந்து. அதற்காக எவரும் கடன்பட வேண்டியதில்லை, கணக்கிட்டால் போதும்.