ஆமைக் கரையும் அயல்நாட்டுப் புட்டியும்

முட்டையிட வரும் கடலாமை முதலில் மணலில் குழி தோண்ட வேண்டும். அங்கே வலைத்துண்டும் புட்டியும் புதைந்து கிடந்தால் தோண்டாமலே கடலுக்குத் திரும்பிவிடுவதுண்டு. பொரிந்த குஞ்சுகளும் குப்பையிற் சிக்கி வெயிலில் மடியும்.

சின்ன அந்தமானின் மேற்கு விரிகுடாவில் 2008 முதல் தோல்முதுகு ஆமைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வில், கரேன் இனத்தார் இரவெல்லாம் கரையில் நடந்து துணை நிற்கின்றனர். 1925-இல் பர்மாவிலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள் இவர்கள். (பிழைக்க வந்தவர்க்கு வந்த மண்மேற் பற்றிராது என்பார், இவர்களைப் பார்த்ததில்லை போலும்!)

குப்பையோ உள்ளூரார் வீசியது மட்டுமன்று. பெரிய நிக்கோபார்க் கரைகளைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வின்படி, அங்கு ஒதுங்கிய அயல்நாட்டு நெகிழிப் பொருள்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு மலேசியாவுடையவை. பொறுக்குவது எளிது; பிறகு? உருக்கி வார்க்கும் பெரிய ஆலைகள் பெருநிலத்தில் உள்ளன. சென்னைக்குக் கடல்வழி நெடுந்தொலைவு. உப்பும் மணலும் படிந்த புட்டிக்குக் கிடைக்கும் விலை கப்பற்கூலிக்கே போதாது. தொண்டர்களின் கைவலிமைக்கு அப்பாற்பட்ட இச்செலவை அரசே ஏற்பதுதான் முறை என்பது என் கருத்து.

சென்னையிலும் 1988 முதல் மாணவர் குழுவொன்று நீலாங்கரை முதல் பெசன்ட் நகர்வரை இரவில் நடந்து, ஆமை முட்டைகளைக் காப்பிடத்தில் சேர்த்து வருகிறது. ஜனவரியில் அப்பக்கம் செல்லும் நண்பர்கள் அவர்களுடன் ஓரிரவு நடந்து பார்க்கலாம்.