'வெறிக்குட்டி'யும் நாங்களும்

பாரிசில் எங்களோடு ஒரே அறையில் வசித்த நண்பரை 'வெறிக்குட்டி' என்றே அழைத்தோம். மனவுறுதி அற்றவர் என்பது எங்கள் தீர்ப்பு. அதை நான் மறுபரிசீலனை செய்யவேண்டியிருக்கிறது.

வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தனர். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ றொபின்ஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 வீதம் மட்டுமே. போர், சலிப்பு, மலிவாய்க் கிடைத்த தூள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன.

எங்கள் நண்பருக்குத் திரும்பிப்போக நாடில்லை. சிகிச்சை நிலையத்தில் நடுக்கமும் வியர்வையும் ஒரு வாரத்தில் அடங்கின. (நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். 'இன்றோடு விடு' என்று முன்னர் சத்தியம் வாங்கிய எங்களுக்கு இது தெரியாது.) பிறகு அவர் வந்துசேர்ந்தது அதே அறைக்கு, அதே கோப்பை கழுவும் வேலைக்கு, மேன்முறையீடும் தோற்ற அதே அகதி வழக்குக்கு. சனிக்கிழமை இரவு வழமைபோல மேசையில் போத்தலை வைத்தவர்கள் நாங்கள்.

மூன்றாம் வாரம் அவர் குடித்தார். 'அப்பவே சொன்னன்' என்றவன் நான்.